சேற்றிலே தொடங்கும் பயணம்

  

இன்று ஒரு பறவையைப் பற்றிப் பேசப் போகிறேன். அது மயிலைப் போல அழகான பறவை அல்ல. குயிலைப் போலப் பாடவும் தெரியாது. மண்ணிறம், நீண்ட கால்கள், நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த நீளமான அலகு, இவ்வளவுதான் அதன் தோற்றம். கோடை மாதங்களில் கடல் வற்றும் நேரம் பார்த்து சிட்னியின் பொட்டனி குடாப் பக்கம் போனீர்களானால், சேற்றுக்குள் அலகைக் குத்திக் குத்திப் புழு தேடிக்கொண்டிருக்கும். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எங்கள் விமானங்கள் வந்திறங்கும் ஓடுபாதையும் அந்தக் குடாவின் கரையில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதனை பார் டெயில்ட் கொட்விட் என்பார்கள். தமிழில் பட்டைவால் மூக்கன் என்று பெயர். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் குவாகா என்று அழைக்கிறார்கள். இதன் நெருங்கிய உறவான கருவால் மூக்கன் எங்கள் மன்னார்க் கரையோரத்துக்கும் ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக வந்து போகிறது. ஆகவே ஊரில் பார்த்த முகம் என்று சிலருக்கு நினைவு வரலாம்.

இந்தப் பறவை செய்கிற காரியத்தைக் கேளுங்கள். 2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் திகதி அலாஸ்காவிலிருந்து ஒரு பட்டைவால் மூக்கன் புறப்பட்டது. அதன் முதுகில் ஐந்து கிராம் எடையுள்ள, சூரிய ஒளியில் இயங்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். 234684 என்பது அதன் எண். செய்மதி வழியாக அதன் பாதையை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பசிபிக் சமுத்திரத்தின் மேலாக எங்கும் இறங்காமல், எதுவும் உண்ணாமல், ஒரு துளி நீரும் குடிக்காமல் பறந்து, ஒக்ரோபர் 24ஆம் திகதி தஸ்மேனியாவின் வடகிழக்கில் உள்ள அன்சன்ஸ் குடாவில் வந்திறங்கியது. 13,560 கிலோமீற்றர், 11 நாளும் ஒரு மணித்தியாலமும். ஒரே மூச்சில் பறந்த தூரத்துக்கான உலக சாதனை அது. அந்தப் பறவைக்கு அப்போது வயது ஏறக்குறைய ஐந்து மாதம்.

நான் தொழிலால் கணக்காளன். ஒரு எண்ணைச் சொன்னால் உடனே வகுத்துப் பார்க்கச் சொல்லும் புத்தி. 265 மணித்தியாலத்தில் 13,560 கிலோமீற்றர் என்றால் மணிக்குச் சராசரி 51 கிலோமீற்றர். எங்கள் தெருக்களில் கார் ஓட்டும் வேகம். சிட்னியிலிருந்து கொழும்புக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதுவும் கழுகைப் போலச் சிறகை விரித்துக் காற்றில் மிதக்கும் பறவை அல்ல இது. சிறகை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாத்தைப் போலக் கடலில் இறங்கி இளைப்பாறவும் இதனால் முடியாது. சாதாரண நாட்களில் இதன் எடை 300, 400 கிராம். ஒரு இறாத்தல் பாணின் எடைகூட இல்லை.

விடாமுயற்சிக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மைதான். ஆனால் "பாருங்கள், ஒரு சின்னப் பறவையே இப்படிப் பறக்கிறது, நீங்களும் விடாமல் முயலுங்கள்" என்று சொல்லி இன்றைய பேச்சை முடித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நமது வானொலியில் விடாமுயற்சி என்ற தலைப்பில் நேயர்கள் கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சி நடந்தது. பலரும் நன்றாகப் பேசினார்கள். நிகழ்ச்சி முடிந்து கலையகத்தைப் பூட்டும் நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் சொன்னார்: "தம்பி, எல்லாரும் விடாதேங்கோ, விடாதேங்கோ எண்டு சொல்லுகினம். இவர் பாரிசவாதத்திலை விழுந்து ஆறு வருசம். நான் ஒரு நாளும் விடேல்லை. ஆனா இப்ப எனக்குள்ளை ஒண்டும் மிச்சமில்லை. மிச்சமில்லாத ஆக்களுக்கு உங்கடை நிகழ்ச்சியிலை என்ன இருக்குது?"

நேயர்களே, இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. விசாவுக்காகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரில் வைத்தியராக இருந்துவிட்டு இங்கே இரவில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு, பகலில் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காணாமற்போன பிள்ளையின் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றும் தாய்மார் இருக்கிறார்கள். இவர்களிடம் போய் இன்னும் முயலுங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு அது விடையாகாது. அவருடைய கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே இந்தப் பறவையை மறுபடியும் பார்ப்போம்.

வள்ளுவப் பெருந்தகை விடாமுயற்சிக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமை என்பது அதன் பெயர்; திருக்குறளின் 62ஆவது அதிகாரம். நம்மில் பலருக்கும் அந்த அதிகாரம் பாடமாக்கித் தெரியும். ஆனால் அதற்கு முன்னால், 48, 49, 50 என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை வைத்திருக்கிறார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல். உன் பலம் எவ்வளவு, ஏற்ற நேரம் எது, ஏற்ற இடம் எது என்பவை அறிந்த பிறகுதான் முயற்சி பற்றிய பேச்சே வருகிறது. நாமோ முதல் மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதை மட்டும் மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறோம். இந்தப் பறவையோ அந்த நாலையும் வரிசை மாறாமல் செய்கிறது.

முதலாவது வலி, அதாவது பலம். பயணத்துக்கு முந்திய வாரங்களில் பட்டைவால் மூக்கன் செய்யும் ஒரே வேலை சாப்பிடுவது. அலாஸ்காவின் கரையோரச் சேற்றில் கடல் வற்றும் நேரமெல்லாம் சிப்பியும் புழுவுமாகத் தின்று கொழுப்பைச் சேர்க்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த தெயுனிஸ் பியர்ஸ்மா, அமெரிக்காவைச் சேர்ந்த றொபேட் கில் என்ற இரு விஞ்ஞானிகள் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அலாஸ்காவிலிருந்து புறப்படும் தறுவாயில் ஒரு ராடர் நிலையத்தில் மோதி இறந்துபோன இளம் பறவைகளை அவர்கள் பரிசோதித்திருந்தார்கள். அவற்றின் உடல் எடையில் ஏறக்குறைய 55 சதவீதம் கொழுப்பாக இருந்தது. பாதிக்கு மேல் சேமிப்பு!

அதைவிட ஆச்சரியமான ஒன்றையும் அவர்கள் கண்டார்கள். அந்தப் பறவைகளின் இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாம் மிகவும் சிறிதாகச் சுருங்கியிருந்தன. பறக்கும்போது உண்ணப் போவதில்லை. உண்ணாதவனுக்குச் சமிபாட்டு உறுப்புகள் வீண் பாரம். ஆகவே அந்தப் பாரத்தையும் உடல் தானாகவே குறைத்துக்கொள்கிறது. கரையேறிய பிறகு அந்த உறுப்புகள் மறுபடியும் வளர்கின்றன.

ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையைப் பார்ப்பது போல இதைப் பார்க்கிறேன். முப்பது ஆண்டுகளாகச் சிறு வியாபாரங்களின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். நல்ல இலாபம் காட்டிக்கொண்டிருந்த கடையே மூடப்பட்டதைக் கண்டிருக்கிறேன். காரணம், கையில் காசு இருப்பதில்லை. உழைப்பில் ஒரு குறையும் இராது, இருப்புத்தான் முடிந்திருக்கும். மனித வாழ்விலும் அப்படியே. உறக்கம், நல்ல உணவு, நாலு பேருடன் சிரித்துப் பேசும் நேரம், கோயிலில் அல்லது தேவாலயத்தில் மனம் அமைதியாக இருக்கும் அந்த அரை மணித்தியாலம், இவையெல்லாம் வரவுகள். வரவே இல்லாமல் ஆறு வருடம் செலவு மட்டும் செய்த ஒருவர் ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னால், அதை மனத்தளர்ச்சி என்று நான் எழுத மாட்டேன். சரியான கணக்கு என்றுதான் எழுதுவேன்.

பாரத்தைக் குறைப்பதும் பலத்தைச் சேர்ப்பதில் ஒரு பகுதிதான். நம் சமயப் பெரியவர்கள் இதைத்தான் துறவு என்றும், நோன்பு என்றும், தவம் என்றும் சொன்னார்கள். எல்லோராலும் காவி உடுத்த முடியாது. ஆனால் ஒரு நீண்ட பயணத்தில் இருப்பவர் சிலவற்றை இறக்கி வைக்கலாம். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பயம் ஒன்று. எல்லாக் கொண்டாட்டத்துக்கும் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இன்னொன்று. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும், வேறு யார் செய்தாலும் சரிவராது என்ற எண்ணம் மற்றொன்று. இந்தக் கடைசிப் பாரம்தான் இருப்பவற்றுள் கனமானது.

இரண்டாவது காலம். உடல் தயாரான உடனே இந்தப் பறவை கிளம்பிவிடுவதில்லை. காற்றுக்காகக் காத்திருக்கிறது. அலாஸ்காவுக்குத் தெற்கே அலூசியன் தீவுகளை ஒட்டி, அந்தப் பருவத்தில் தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும். ஒரு தாழமுக்கம் கடந்து போகும்போது அதன் பின்பக்கமாகத் தெற்கு நோக்கி வலுவான காற்று வீசும். அந்தக் காற்று வந்தவுடன்தான் கூட்டமாக எழும்புகின்றன. ஒரு புயலையே தன்னைத் தள்ளிவிடும் துணையாக மாற்றிக்கொள்ளும் அறிவு அது. அதுவரைக்கும் சேற்றில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சும்மா நிற்பதாகத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். கிழக்குக் கரையோரமாக வாரக் கணக்கில் நடந்து உகந்தைமலை முருகன் கோயிலை அடைவார்கள். அதற்கு அப்பால் காடு. காட்டுப் பாதை திறக்கும் நாள் வரும்வரை அங்கே தங்கியிருப்பார்கள். நடந்து வந்த கால்கள் சும்மா இருப்பதாக யாரும் குறை சொல்வதில்லை. அந்தத் தங்கலும் யாத்திரையின் ஒரு பகுதி என்று எல்லோருக்கும் தெரியும்.

காலமறிதலில் இன்னொரு பாடமும் உண்டு. 2021ஆம் ஆண்டு செப்ரெம்பரில், செய்மதிக் கருவி பூட்டிய ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்து நோக்கிப் புறப்பட்டது. வழியில் பலத்த எதிர்க்காற்று. அந்தப் பறவை என்ன செய்தது தெரியுமா? திரும்பிவிட்டது. மொத்தம் சுமார் 57 மணித்தியாலங்கள் பறந்து, புறப்பட்ட அலாஸ்காவிலேயே மறுபடியும் வந்து இறங்கியது. ஒரு முழுப் பயணத்துக்கென்று சேர்த்த சேமிப்பில் இரண்டு நாளுக்கு மேலான பங்கைச் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது.

அதைக் கோழை என்று சொல்லலாமா? விடாப்பிடியாக முன்னே போயிருந்தால் கடலில் விழுந்திருக்கும். நம்முடைய பிள்ளை ஒருவன் பல்கலைக்கழகத்தில் எடுத்த பாடத்தைப் பாதியில் விட்டு வேறு படிப்புக்கு மாறினால், ஒரு குடும்பம் வியாபாரத்தை மூடிவிட்டு மாதச் சம்பள வேலைக்குத் திரும்பினால், நாம் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். திரும்பி வருவதற்கும் விட்டுவிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. திரும்பி வந்தவர் இன்னும் பயணிதான்.

இளம் பறவைகளுக்கு இயற்கை கொடுத்திருக்கும் சலுகை ஒன்றையும் சொல்ல வேண்டும். முதன்முறையாகத் தெற்கே வந்து சேர்ந்த குஞ்சுகள் அடுத்த மார்ச்சிலேயே பெரியவற்றோடு வடக்கே திரும்பிப் போவதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேலாக, இங்கேயே கரையோரங்களில் தங்கி வளர்கின்றன. எப்போது திரும்பிப் போகப் போகிறாய் என்று அவற்றை யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளைப் படாத பாடு படுத்தும் பெற்றோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது இடம். நான் இன்று சொல்ல வந்த விடயத்தின் மையம் இதுதான். 13,560 கிலோமீற்றர் என்ற எண்ணைக் கேட்கும்போது நம் மனம் வானத்தைப் பார்க்கிறது. ஆனால் இந்தப் பறவையின் வாழ்வும் சாவும் தீர்மானிக்கப்படுவது வானத்தில் அல்ல, சேற்றில்.

2007ஆம் ஆண்டு ஈ7 என்று அடையாளமிடப்பட்ட ஒரு பெண் பறவையின் பயணத்தை விஞ்ஞானிகள் முழுமையாகப் பின்தொடர்ந்தார்கள். மார்ச் மாதத்தில் நியூசிலாந்திலிருந்து கிளம்பி, 10,000 கிலோமீற்றருக்கும் மேலாக இடைநில்லாமல் பறந்து, சீனாவின் யாலு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியது. அங்கே ஏறத்தாழ ஐந்து வாரம் தங்கித் தின்றது. பிறகுதான் அலாஸ்காவுக்குப் போய்க் கூடு கட்டியது. ஓகஸ்ட் கடைசியில் புறப்பட்டு 11,680 கிலோமீற்றர் தூரத்தை எட்டு நாளில் கடந்து நியூசிலாந்து திரும்பியது. மொத்தம் ஏறக்குறைய 29,000 கிலோமீற்றர். அந்த ஐந்து வாரச் சேறு இல்லையென்றால் மிச்சப் பயணம் இல்லை.

சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் உள்ள மஞ்சள் கடலின் கரைகள்தான் இவ்வாறு வடக்கே போகும் பறவைகளுக்கெல்லாம் தங்குமடம். அந்தக் கரைகளில் பெரும்பகுதியைத் துறைமுகத்துக்கென்றும் தொழிற்சாலைக்கென்றும் மனிதர் நிரப்பிவிட்டார்கள். தென்கொரியாவில் சேமங்கம் என்ற இடத்தில் 33 கிலோமீற்றர் நீளமான கடலணை 2006இல் ஒரு பெரும் சதுப்பு நிலத்தைக் கடலிலிருந்து பிரித்தது. கரைப்பறவைகள் பெருந்தொகையாக உணவெடுத்து வந்த நிலம் அது. இத்தகைய காரணங்களால் பட்டைவால் மூக்கன்களின் தொகை குறைந்தது. அவுஸ்திரேலிய அரசு 2016இல் இப்பறவையை ஆபத்துக்குள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பறவைகளின் சிறகில் பலம் குறைந்துவிட்டதா? இல்லை. அவற்றின் முயற்சி குறைந்துவிட்டதா? அதுவும் இல்லை. இறங்க இடம் குறைந்துவிட்டது.

நல்ல செய்தியும் உண்டு. சீனாவின் மஞ்சள் கடல் கரையில் உள்ள பறவைத் தலங்களை 2019இலும், தென்கொரியாவின் சதுப்புக் கரைகளை 2021இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரத்தில் இந்தப் பறவைகள் வந்து சேரும்போது தேவாலய மணிகளை ஒலித்து வரவேற்கும் அழகான வழக்கம் ஒன்று இருந்து வந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்தப் பேராலயம் சேதமடைந்தது. ஆனாலும் களைத்து வரும் ஒரு பறவைக்கு மணி அடித்து வரவேற்புச் சொல்லத் தோன்றிய மனத்தை எண்ணிப் பாருங்கள். அது பக்தியன்றி வேறென்ன?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மிச்சமில்லாதவர்களுக்கு இந்தப் பறவையிடம் என்ன இருக்கிறது?

அக்கா, நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். இன்னும் முயலுங்கள் என்று இந்தப் பறவை உங்களுக்குச் சொல்லவில்லை. இறங்குங்கள் என்று சொல்கிறது. ஐந்து வாரம் சேற்றில் நின்ற ஈ7ஐ யாரும் பயணத்தை விட்ட பறவை என்று எழுதவில்லை. இரண்டு நாள் உங்கள் கணவரைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வந்தால், அந்த இரண்டு நாளும் நீங்கள் தூங்கினால், அதுவும் உங்கள் விடாமுயற்சியின் ஒரு பகுதிதான். இந்த நாட்டில் பராமரிப்பாளர்களுக்கென்று கேரர் கேட்வே என்ற அரச சேவை இருக்கிறது. பராமரிப்பவர் ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடு செய்வதற்கும் அவர்கள் உதவுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஊடாகத் தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்துப் பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு கஷ்டப்படுகிறோம். பறவைக்குச் சேறு கௌரவக் குறைவாகத் தெரியவில்லை.

அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மற்ற எங்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பறக்கிறவர்கள் ஒரு புறம் இருக்க, நாம் யாருக்காவது சேறாக இருக்கிறோமா? யாராவது நம் வீட்டில் இறங்கி இளைப்பாற முடிகிறதா? சனிக்கிழமை பின்னேரம் ஒரு நோயாளியின் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்தால், அவருடைய மனைவி கடைக்குப் போய் வரலாம், கோயிலுக்குப் போய் வரலாம், காரில் இருந்து அழுதுவிட்டும் வரலாம். விசாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளையிடம் இன்னும் கிடைக்கவில்லையா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வா, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லலாம். பாத யாத்திரை போகிறவர்களுக்கு வழிநெடுக ஊர் மக்கள் சோறு சமைத்துக் கொடுக்கிறார்கள். கதிர்காமத்தை அடைந்த புண்ணியத்தில் அந்தச் சோற்றுக்கும் பங்கிருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. நடந்தவரின் வைராக்கியம் பாதி என்றால், வழியில் சோறிட்டவரின் அன்பு மறுபாதி.

கடைசியாக, நாலாவது. பலமும் காலமும் இடமும் சரியாக அமைந்த பிறகு ஒரு நேரம் வரும். அப்போது செய்ய வேண்டியது சிறகை அடிப்பது மட்டுமே. அந்த ஐந்து மாதக் குஞ்சைப் பற்றி நான் சொன்னேன் அல்லவா? பெரிய பறவைகள் பொதுவாகக் குஞ்சுகளுக்கு முன்பாகவே அலாஸ்காவை விட்டுப் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் பிந்தித்தான் வரும். தஸ்மேனியாவை அது கண்டதில்லை. கீழே பதினொரு நாளும் கடல்தான். பறவைக்கு ஆன்மிகம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது காற்றும் பசியும் திசையும்தான். அதற்குள் அந்தத் திசையை வைத்தவன் யார் என்று கேட்பது நம்முடைய வேலை. சைவராக இருந்தால் ஒரு பெயர் சொல்வோம்; கிறிஸ்தவராக இருந்தால் வேறு பெயர்; இஸ்லாமியராக இருந்தால் இன்னொரு பெயர். எந்தப் பெயரைச் சொன்னாலும் கண்டிராத ஒரு கரை இருக்கிறது என்று நம்பி அடுத்த சிறகடிப்பை அடிப்பதற்குத்தான் பக்தி என்று பெயர்.

பதினொரு நாளுக்கான சிறகடிப்பை ஒரே தரத்தில் யாராலும் அடிக்க முடியாது. ஒன்றை அடித்தால் போதும். பிறகு இன்னொன்று. நோயாளியைப் பார்க்கிறவருக்கு அது இன்றைய காலை மருந்து. படிக்கிறவருக்கு அது இன்றைய ஒரு பக்கம். காத்திருக்கும் தாய்க்கு அது இன்று மாலை ஏற்றும் விளக்கு.

கரைப்பறவைகள் ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் நமது கரைகளுக்கு வந்து சேருகின்றன. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். கிட்டப் போய் அவற்றைக் கலைத்துவிடாதீர்கள். நாயைக் கொண்டுபோனால் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தரம் வெருண்டு எழுந்தாலும் சேர்த்துவைத்த பலத்தில் கொஞ்சம் வீணாகிறது. தூரத்தில் நின்று, அது நிம்மதியாகத் தின்னட்டும் என்று விட்டுவிடுவதும் ஒரு தொண்டுதான்.

 அடுத்த மாதம் வேறொரு சிந்தனையோடு சந்திக்கும்வரை, எல்லோருக்கும் இறங்க ஓர் இடமும் ஏற்றதொரு காற்றும் கிடைக்க வேண்டும் என்று இறைவனை வேண்டி விடைபெறுகிறேன்.